கல்லைப் புரட்டும்போது



இன்றைய நற்செய்தியில் ஆண்டவர் கொஞ்சம் கடுமையாகவே பேசுகிறார். மேற்கே மேகம் ஏறினால் மழை என்கிறீர்கள், தெற்கிலிருந்து காற்று அடித்தால் வெக்கை என்கிறீர்கள். இந்தக் காலத்தைப் பார்க்க மட்டும் ஏன் கண் இல்லை என்று கேட்கிறார். வானம் பார்ப்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். மணக்குடியில் காற்றையும் நீரோட்டத்தையும் பார்க்காமல் யாரும் வள்ளம் இறக்குவதில்லை. ஆனால் கோயிலுக்குப் பின்னால் ஓடி, பழையாற்றில் சேர்ந்து, அதே மணக்குடியில் கடலில் கலக்கிற நம் ஓடையைப் பார்க்கத் தெரியுமா?

எனக்குத் தெரிந்திருக்கவில்லை. மூன்று வருடமாகப் பாலத்தின்மேல் பைக்கில் போகிறேன். தண்ணீர் ஓடுகிறது, நல்லது என்று நினைத்ததோடு சரி. போன மாதம்தான் மறைக்கல்விப் பிள்ளைகளோடு ஓடையில் இறங்கினேன்.

அமெரிக்க வேளாண்மைத் துறை 1998-இல் ஓடைகளை மதிப்பிட ஒரு கையேடு வெளியிட்டது. கருவி வேண்டாம், ஆய்வுக்கூடம் வேண்டாம். கரை சரிகிறதா, ஓரத்தில் மரம் உண்டா, தண்ணீர் என்ன நிறம், பாசி எவ்வளவு, கல்லடியில் பூச்சி உண்டா என்று கண்ணால் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் பத்துக்குள் மதிப்பெண் போடவேண்டும். சராசரி ஆறுக்கு மேல் வராவிட்டால் ஓடைக்குச் சுகமில்லை என்று பொருள். அந்த முறைப்படி நம் ஓடைக்கு நான் ஆசையாக ஏழு போட்டேன். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் என் தாளை எட்டிப் பார்த்து, "ஃபாதர், நீங்க கல்லப் பொரட்டவே இல்லியே" என்றான். அவன் போட்டது நான்கு.

புரட்டினேன். அடியில் கறுத்த சேறு, அதில் நூல்போலச் சிவந்த புழுக்கள். மூச்சுக்காற்று குறைந்த தண்ணீரிலும் பிழைத்துக்கொள்கிறவை அவை; அதனால்தான் அந்தச் சிவப்பு. மேலே தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. வெள்ளையடித்த கல்லறை என்று ஆண்டவர் சொன்னது நினைவுக்கு வந்தது. தெளிவை வைத்து ஓடையை நம்பக்கூடாது. மழைக்கு மறுநாள் கலங்கியிருப்பதை வைத்து அதைப் பழிக்கவும் கூடாது.

இருநூறு அடி மேலே, தாழையும் புங்கமும் நிழல் விழுத்துகிற இடத்தில் இன்னொரு கல்லைப் புரட்டினோம். வெள்ளைப் பேசினில் கழுவி ஊற்றியதும் ஏதோ நெளிந்தது. அரை விரல் அளவுகூட இல்லை. வாலில் மூன்று நூல், வயிற்றின் இருபக்கமும் இறகுபோலத் துடிக்கிற செவுள். மேஃப்ளை என்கிற பூச்சியின் குஞ்சு. சிறகு முளைத்தபின் அதற்கு ஓரிரு நாள்தான் ஆயுள். அதற்குமுன் மாதக்கணக்கில் இப்படிக் கல்லடியில் வாழும், தண்ணீர் நன்றாக இருந்தால் மட்டும். பிள்ளைகள் பேசினைச் சுற்றிக் குனிந்து நின்ற நிற்பை நற்கருணை ஆராதனையில்கூட நான் பார்த்ததில்லை. (அது என் குறையாகவும் இருக்கலாம்.)

அப்படியானால் இந்த இருநூறு அடிக்குள் என்ன நடக்கிறது? பாலத்தடியில் தண்ணீர்மேல் வானவில் நிறத்தில் ஒரு படலம் மிதந்தது. எனக்கு உடனே பக்கத்து ஒர்க்‌ஷாப் நினைவு வந்தது. ஞாயிறு பிரசங்கத்துக்கே தலைப்பு கிடைத்துவிட்டது! குச்சியால் கலைத்துப் பார்த்தோம். எண்ணெய் என்றால் சுழன்று மறுபடி ஒட்டிக்கொள்ளும். இது கண்ணாடிச் சில்லுபோல உடைந்து, உடைந்தபடியே நின்றது. இரும்புச்சத்தைத் தின்னும் நுண்ணுயிரிகளின் படலம், தானாக உண்டாவது. அந்த மெக்கானிக் அண்ணனிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

பிறகு நுரை. இலை மக்கி வருகிற நுரை பழுப்பாக இருக்கும், மண்வாசம் அடிக்கும். இது வெள்ளைவெளேரென்று இருந்தது. மல்லிகை வாசம் அடித்தது. சோப்பு கலந்தால் தண்ணீரின் மேல்தோல் தளர்ந்துபோகும், அதன்மேல் ஓடித்திரிகிற நீர்ப்பூச்சிகூட மூழ்கிவிடும். நுரை வருகிற வழியைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் முன்னால் ஓடினார்கள். திடீரென்று சத்தம் அடங்கியது. நான் போய்ச் சேர்ந்தபோது யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. தாழைக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருந்தது பங்கு இல்லத்தின் கழிவுநீர்க் குழாய். என் அங்கியும் பீடத் துணிகளும் துவைத்த தண்ணீர்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய 'லவ்தாத்தோ சி' மடலில் சூழலியல் மனமாற்றம் பற்றிப் பேசுகிறார். அதை வைத்து இரண்டு கருத்தரங்கு நடத்தியவன் நான். அப்போதும் அந்தக் குழாய் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

இன்றைய வாசகத்தின் பின்பகுதியைக் கவனித்தீர்களா? காலத்தின் அடையாளத்தைச் சொன்ன கையோடு, வழக்காளியோடு நடுவரிடம் போகிற வழியிலேயே சமரசம் செய்துகொள்ளச் சொல்கிறார் ஆண்டவர். இவை இரண்டும் ஒட்டாத பேச்சு என்று இருபது வருடம் தனித்தனியாகப் பிரசங்கித்திருக்கிறேன். அடையாளத்தை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டே போனால் அது யார் வீட்டு வாசலில் கொண்டு விடும் என்று அந்தத் தாழைப் புதரடியில்தான் புரிந்தது.

கொத்தனார் புதன்கிழமை உறிஞ்சுகுழி தோண்ட வருகிறார். வரும் சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பெரியவர்களும் ஓடைக்கு வாருங்கள். அவரவர் வீட்டு வெள்ளைப் பேசின் ஒன்று கொண்டுவந்தால் போதும். கல்லைப் புரட்டிப் பார்த்ததும், இருந்த பக்கமாகவே திருப்பி வைத்துவிடுங்கள். அடியில் குடித்தனம் நடக்கிறது.