இரும்பில்லாத அச்சு

சென்ற மாதம் ஒரு மோரிஸ் மைனரின் கிராங்க் என் பட்டறைக்கு வந்தது. 1956க்கும் 1962க்கும் இடையில் அந்தக் காருக்குப் போட்ட 948 சிசி எஞ்சின். மூன்று மெயின் ஜர்னல், கனெக்டிங் ராடு பிடிக்கும் பின் நாலு. கொண்டுவந்தவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். கார் அவருடைய அப்பா வாங்கியது. பிஸ்டன் மாற்றியாயிற்று, வால்வு மாற்றியாயிற்று, பாடியில் பாதி புதுத் தகடு. கிராங்கைப் பெஞ்சில் வைத்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங்க, இதையும் தேய்ச்சுட்டா அப்புறம் இது எங்கப்பா கார்தானுங்களா?"

நான் வாயைத் திறக்கவில்லை. கிராங்கை மண்ணெண்ணெயில் முக்கி, நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் பொடி தூவினேன். விரிசல் இருந்தால் உள்ளே இறங்கிய எண்ணெய் கசிந்து பொடியில் மயிரிழை போல ஈரக்கோடு விழும். விழவில்லை. சங்கிலியில் தொங்கவிட்டுச் சுத்தியலால் தட்டினேன். மணி மாதிரி நீண்டு ஒலித்தது. அப்புறம்தான் மைக்ரோமீட்டரைக் கையில் எடுத்தேன். பின்கள் நான்கும் வட்டம் கெட்டு முட்டையாகியிருந்தன.

மிலிந்த மன்னனிடம் பௌத்த பிக்கு நாகசேனர் தேரைக் காட்டிக் கேட்ட கதை வாத்தியாருக்கும் தெரிந்திருக்கும். ஏர்க்கால் தேரா? அச்சு தேரா? சக்கரம் தேரா? எதுவுமில்லை, தேர் என்பது வெறும் பெயர். முப்பது வயதில் படித்தபோது சரி என்றே பட்டது. இப்போது படவில்லை. அவர் தேரைப் பாகம் பாகமாகப் பிரித்துப் பார்த்தவர். நான் செய்வது பிரிப்பதல்ல, தேய்ப்பது. ஒரு தடவைக்கு அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்கு போகும். போன இரும்பு கூலன்ட் தொட்டியில் சேறாகக் கிடக்கும். அந்த அளவுக்குத் தடித்த பேரிங்கைப் போட்டுவிட்டால் கனெக்டிங் ராடுக்கு எதுவும் தெரியாது.

கிராங்கின் இரண்டு முனையிலும் சின்னக் குழி உண்டு, சென்டர் என்போம். ஒரு குழியிலிருந்து மறு குழிக்கு மனசுக்குள் இழுக்கும் கோடுதான் அச்சு. மெஷினில் ஏற்றியதும் நான் முதலில் தேடுவது அதைத்தான். குழி அடிபட்டிருந்தால், பல்சக்கரம் உட்காரும் மூக்கு மாதிரி தேயாத இடத்தில் டயல் வைத்துப் பார்த்து மீட்டுவிடலாம். பின் இருக்கும் இடங்களில் இந்தக் கோடு வெறுங்காற்றில்தான் போகிறது. நாகசேனர் எண்ணிய அச்சு மரம். இதை அவர் எண்ணவில்லை.

ரேஸ் பையன்கள் சிலர் ஸ்ட்ரோக்கைக் கூட்டித்தரச் சொல்லி வருவார்கள். பின்னின் மையத்தைக் கொஞ்சம் வெளியே தள்ளித் தேய்த்தால் போதும். செய்து கொடுத்திருக்கிறேன், வண்டியும் ஓடுகிறது. அதே இரும்புதான், ஆனால் அதைப் பழைய கிராங்க் என்று நான் சொல்லமாட்டேன். மையத்தை அசைக்காமல் தேய்த்தது எவ்வளவு மெலிந்தாலும் பழசுதான்.

அதற்காக இரும்பு ஒரு பொருட்டே இல்லை என்று சொல்ல வரவில்லை. தொழில் பழகிய நாளில் தேய்க்கும் கல்லின் விளிம்பை உருட்டாமல் விட்டு, மூலையைக் கூராக்கி, ஒரு பியட் கிராங்கை உடைய வைத்த பாவம் என் கணக்கில் இருக்கிறது. துண்டானபோதும் அதன் அச்சு நேராகத்தான் இருந்திருக்கும்.

இதையெல்லாம் வாத்தியாரிடம் சொல்லவில்லை. வேலை முடிந்து அவர் வந்த அன்று, கிராங்கில் பின்னைத் தாங்கும் கையை, 'வெப்' என்போம், அதைக் காட்டினேன். எண்ணெய்க் கரிக்கு அடியில் இருந்த பழைய பஞ்ச் குறி: 10. பக்கத்தில் வேறு யாரோ கோணலாக அடித்த 20.

"ரெண்டும் அப்பா காலத்துலயா?"

"இருக்கலாமுங்க சார்."

விரலால் தடவிப் பார்த்தார். அவர் எதிரிலேயே 30 அடித்தேன். இதற்குக் கிடைக்கும் பேரிங்கில் கடைசி அளவு 40. இன்னும் ஒரு தடவை தேய்க்கலாம்.