பலகையைப் பார், பிறகு காயைப் பார்

முதல் உழவர் சந்தை மதுரை அண்ணா நகரில் 1999 நவம்பர் 14 அன்று திறந்தது. உழவர் சந்தைகளில் அன்றைய விலையைப் பலகையில் எழுதிவிடுவார்கள். பேரத்துக்கு ஆகும் நேரத்தைக் காய் பொறுக்கச் செலவிடலாம்.

வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் போட்டால் விற்பவருக்குக் கோபம் வரும், நியாயம்தான். விரல் நீளப் பிஞ்சாக எடுத்தால் ஒடிக்கவே வேண்டாம். முள்ளங்கியை இலையோடு வாங்குங்கள்; இலை வாடாதிருந்தால் கிழங்கும் புதிது, இலை பொரியலுக்கும் ஆகும். கீரைக்கு வெயில் ஏறுமுன் போய்விட வேண்டும்.

கத்தரிக்காயில் புழுத்துளை இருந்தால் மருந்தடிக்காத காய் என்பார்கள். நான் நம்புவதில்லை, மருந்தடித்த தோட்டத்திலும் புழு வரும். விளைவித்தவரே எதிரில் இருக்கிறார், அவரையே கேட்கலாம்.

தக்காளியில் பாதி பழம், பாதி செங்காய் என்று எடுங்கள்.