இரண்டாம் தொடுகை

முதுமை தன் வருகையை முதலில் அறிவிப்பது பெரும்பாலும் கண்ணில்தான். நாற்பது வயதைக் கடந்ததும் செய்தித்தாளைக் கை நீளும் மட்டும் தள்ளிப் பிடிக்கிறோம். வெள்ளெழுத்து வந்துவிட்டது என்கிறோம். ஆண்டுகள் ஏற ஏறக் கண்ணின் வில்லை தெளிவிழந்து புரையாகிறது. எதிரே வருபவர் யாரென்பதைக் குரலைக் கொண்டே அறிய வேண்டிய நிலை வருகிறது. இத்தகைய முதியோரிடம் மருத்துவரை நாடுமாறு சொன்னால், பலரும் தரும் மறுமொழி ஒன்றே: "இந்த வயசுக்கு மேல கண்ணு எதுக்குங்க சாமி? ஆண்டவர் விட்ட வழி." கேட்பதற்குப் பக்தியாகத் தோன்றும் இச்சொல் உண்மையில் விசுவாசத்தின் சொல்தானா?

திருநூல் அவ்வாறு கருதவில்லை. மருத்துவரை மதிக்க வேண்டும், மருந்துகளை மண்ணிலிருந்து படைத்தவர் ஆண்டவரே, அறிவுள்ளவர் அவற்றை வெறுக்கமாட்டார் என்று சீராக் ஞானநூலின் 38ஆம் அதிகாரம் அறிவுறுத்துகிறது. இறைவேண்டலையும் மருத்துவத்தையும் அந்நூல் எதிரெதிராக நிறுத்துவதில்லை; நோயுற்றவர் இரண்டையும் நாட வேண்டும் என்கிறது. 1976இல் மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியபோது, தவிர்க்கக்கூடிய பார்வையிழப்பை ஒழிப்பதே அவரது நோக்கமாயிருந்தது. தவிர்க்கக்கூடியது என்னும் சொல் சிந்திக்கத்தக்கது. தவிர்க்க முடியாத துன்பத்தை ஏற்பது சிலுவை. தவிர்க்கக்கூடிய இருளில் அமர்ந்துகொண்டு அதற்கு இறைவனின் திருவுளம் என்று பெயரிடுவது, நம் சோர்வையும் அச்சத்தையும் அவர்மீது சுமத்துவதாகும். அறுவைக்கு அஞ்சுவதும், பிள்ளைகளுக்குச் செலவு வைக்கக் கூசுவதும் மனித இயல்பு. அவற்றை அச்சமென்றும் கூச்சமென்றும் சொல்லிவிடலாம். விசுவாசம் என்று சொல்ல வேண்டியதில்லை.

இங்கே தோபித்து நம் நினைவுக்கு வருகிறார். இறந்தோரை அடக்கம் செய்த நீதிமான் அவர். குருவிகளின் எச்சம் விழுந்து, கண்களில் வெண்படலம் படர்ந்து பார்வையிழந்தார். அவருடைய மனைவி அன்னா நெசவு செய்து குடும்பத்தைக் காத்தாள். ஒருநாள் வேலை கொடுத்தவர்கள் கூலிக்கு மேல் ஓர் ஆட்டுக்குட்டியையும் அவளுக்குக் கொடுத்தனர். அதன் கத்தலைக் கேட்ட தோபித்து, அது திருடப்பட்டதாக இருக்கும் என்று ஐயுற்றார். அவள் சொன்னதை நம்ப மறுத்தார். அறம் அவரிடம் குறையவில்லை. ஆயினும் தமக்காக உழைத்த கைகளையே அவரால் அடையாளம் காண இயலவில்லை. முதுமையின் விசுவாசத்துக்கு நேரக்கூடிய ஆபத்து இதுவே. செபமாலை தவறுவதில்லை, திருப்பலி தவறுவதில்லை. ஆனால் சோறு போடும் மருமகளின்மீது நாள்தோறும் ஐயம் படர்கிறது.

கிளாக்கோமா என்னும் கண்ணழுத்த நோயைப் பற்றி மருத்துவர்கள் கூறுவது இதை மேலும் விளக்கும். அதன் மிகப் பரவலான வகையில் வலியில்லை. பார்வை பெரும்பாலும் ஓரங்களிலிருந்து குறையத் தொடங்கும். நடுப்பார்வை நெடுநாள் தெளிவாயிருக்கும். ஆகவே தமக்குக் குறை ஏதுமில்லை என்றே நோயாளி எண்ணிக்கொண்டிருப்பார். இழந்த பார்வை திரும்பாது. எஞ்சியதைச் சொட்டு மருந்தாலும் பிற சிகிச்சையாலும் காக்கலாம். விசுவாசமும் இவ்வாறே ஓரங்களில் தேய்வதுண்டு. பீடம் தெளிவாகத் தெரிகிறது; கோவில் வாசலில் கையேந்துபவர் தெரிவதில்லை. பத்துக் கட்டளைகள் தெரிகின்றன. மனக்கசப்பால் திருப்பலிக்கு வராமல் நின்றுவிட்ட அண்டை வீட்டார் தெரிவதில்லை. வலி இல்லாததால் இழப்பும் தெரிவதில்லை.

மாற்கு நற்செய்தியின் 8ஆம் அதிகாரத்தில், பெத்சாய்தாவில் பார்வையற்ற ஒருவரை இயேசு இருமுறை தொடுகிறார். முதல் தொடுகைக்குப்பின், ஏதாவது தெரிகிறதா என்று வினவுகிறார். மனிதர்கள் நடமாடும் மரங்களைப்போலத் தெரிகிறார்கள் என்கிறார் அவர். நன்றி கூறிவிட்டு அவர் அப்படியே போயிருக்கலாம். இருளிலிருந்தவருக்கு மங்கலும் பெரும்பேறுதானே! குணமளித்தவரிடமே குறையைச் சொல்வது நன்றிகேடாகாதா என்று அவர் தயங்கவில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னார். இரண்டாம் தொடுகை கிடைத்தது. அதன்பின் யாவற்றையும் தெளிவாகக் கண்டார். அடுத்த பகுதியிலேயே பேதுரு, இயேசுவை மெசியா என்று அறிக்கையிடுகிறார். ஆனால் அவருடைய பாடுகளை ஏற்க மறுத்துக் கடிந்துகொள்ளப்படுகிறார். திருத்தூதருக்கும் முதல் தொடுகை போதவில்லை.

ஆகவே விசுவாசத்தின் தெளிவு ஐயமே எழாத நிலையன்று. நரையோடு தானாக வருவதுமன்று. எவ்வளவு காண்கிறோம் என்பதை ஆண்டவரிடம் மெய்யாகச் சொல்வதில் அது தொடங்குகிறது. மனிதரை மரமாக அல்ல, மனிதராகவே காண்பதில் நிறைவுறுகிறது.

மருத்துவத்தால் மீட்க இயலாத கண்களும் உண்டு. அவர்களுக்கு என்ன ஆறுதல்? முதுமையில் ஈசாக்கின் கண்களும் மங்கின, யாக்கோபின் கண்களும் மங்கின. ஈசாக்கு ஆட்டுத்தோலைத் தடவி ஏமாந்தார். யாக்கோபோ, பேரப்பிள்ளைகளுக்கு ஆசி வழங்குகையில், கைகளைக் குறுக்காக மாற்றி இளையவன் தலைமீது வலக்கையை வைத்தார். யோசேப்பு திருத்த முயன்றபோது, அறிந்தே செய்கிறேன் என்றார். மங்கிய கண் ஞானத்தைத் தருவதுமில்லை, தடுப்பதுமில்லை. வாழ்நாளெல்லாம் இறைவனோடு போராடியும் நடந்தும் பெற்ற அறிமுகமே அந்த வேளையில் யாக்கோபுக்குக் கைகொடுத்தது.

எனவே, மூத்தோரே, ஆண்டுக்கொருமுறை கண்களைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். மகனோ மகளோ அழைத்தால் மறுக்காதீர்கள். தோபித்தின் கண்களிலிருந்து படலத்தை உரித்தவன் அவருடைய மகன் தோபியாதான். பார்வை மீண்டதும் அவர் கண்டது அவனையே. இன்றிரவு செபத்துக்கு அமர்கையில், உங்கள் வீட்டிலுள்ளோர் ஒவ்வொருவரின் முகத்தையும் நினைவில் கொண்டுவாருங்கள். எந்த முகம் தெளிவாகத் தெரியவில்லையோ, அதை ஆண்டவரிடம் பெயர் சொல்லிக் கூறுங்கள். இரண்டாம் முறை தொட அவர் தயங்கியதில்லை.