தேடலும் தேர்வும்

1998ல் செர்கெய் ப்ரின்னும் லாரி பேஜும் கூகிளை விளக்கி எழுதிய கட்டுரையில், ஒரு பக்கத்தைச் சுட்டும் பிற பக்கங்களின் இணைப்புகள் அதன் மதிப்புக்கு அளவுகோலாயின. ஒருவன் இன்னொருவன் எழுத்தைச் சுட்டுவது, படித்தபின் சொல்லும் சாட்சி என்ற நம்பிக்கை இதற்கு அடிப்படை. எண்ணப்படத் தொடங்கியதும் சாட்சி விலைக்கு வந்தது. இணைப்புக்கென்றே பக்கங்கள் உற்பத்தியாயின. தேடப்படும் சொற்களை முன்னறிந்து எழுத்தைத் தயாரிக்கும் பட்டறைகளை 2011ல் 'பாண்டா' மாற்றத்தால் கூகிள் கீழே தள்ளியது. உற்பத்தி நிற்கவில்லை. 2022 இறுதியில் சாட்ஜிபிடி வந்தபின் அதற்கு எழுத ஆளும் வேண்டியதில்லை.

மேலான தேடுபொறி வேண்டும் என்கிறார்கள். விளம்பரப் பணத்தில் நடக்கும் தேடுபொறி விளம்பரதாரர் பக்கம் சாயும் என்று அந்த 1998 கட்டுரையே எச்சரித்தது. எனவே காகி போல் சந்தாவில் நடக்கும் முயற்சிகளை நான் வரவேற்கிறேன். ஆனால் எந்தப் பொறியாலும் அளக்கத்தான் முடியும். இது நல்ல எழுத்து என்று சொல்லி, அச்சொல்லுக்குப் பொறுப்பேற்க அதனால் ஆகாது. பொறுப்பேற்பவனுக்குப் பெயர் உண்டு. தவறாகச் சொன்னால் அவன் இழக்க ஏதோ உண்டு. இந்த வேலையை நாம் கைவிட்ட இடத்தில்தான் குப்பை சேர்கிறது. படித்துவிட்டுத் தன் பெயரில் சொல்லும் மனிதர்கள் குறையக் குறைய, அளப்பதற்கும் பொறிக்கு எதுவும் மிஞ்சாது.