வழியும் வேலியும்

அழகு யாருக்குச் சொந்தம் என்ற வினா மிகப் பழையது. நிலவுக்கும் கடலுக்கும் உறுதி எழுதியவர் எவருமில்லை, ஆகவே அழகு யாவர்க்கும் பொது என்று அதற்கு எளிதாக விடை கூறிவிடுவர். ஆனால் நிலத்தின் அழகு அத்தகையதன்று. நிலத்துக்கு உறுதி உண்டு, எல்லை உண்டு, எல்லைக்கு வெளியே நிற்க வைக்கப்பட்டவர்களும் உண்டு. எனவே, நிலத்தின் அழகைப் பற்றிப் பேசப் புகுவோர், விரும்பினும் விரும்பாவிடினும், நீதியைப் பற்றியும் பேசியே ஆகவேண்டும். அநீதியிற் பிறந்த அழகை நாம் மனச்சான்றுக்கு மாறின்றி அனுபவிக்க முடியுமா? இவ்வினாவை ஓர் எளிய உதாரணத்தைக் கொண்டு ஆராய்வோம். இங்கிலாந்தின் நாட்டுப்புற வீதிகளில் துவிச்சக்கரவண்டியிற் செல்பவர் பெறும் இன்பமே அந்த உதாரணம்.

நாட்டுப்புறத்தை அறிவதற்கு அவ்வண்டியை விடப் பொருத்தமான வாகனம் வேறில்லை. நடந்து செல்பவர் ஒரு நாளில் ஒரு பள்ளத்தாக்கைக் காண்பார். காரிற் செல்பவர் பத்துப் பள்ளத்தாக்குகளைக் கடப்பார், ஒன்றையும் காணார். வண்டி மிதிப்பவரோ ஏற்றத்தை முழங்காலினாலும் காற்றை நெஞ்சினாலும் அறிந்துகொள்கிறார். தென்மேற்கே டெவன் பகுதியில், மண்வரம்புகளின்மேல் வளர்ந்த உயிர்வேலிகளுக்கிடையே ஒடுங்கிய ஒழுங்கைகள் ஆழப் புதைந்து கிடக்கின்றன. வடக்கே யோர்க்ஷயர்ப் பள்ளத்தாக்குகளில், சாந்தின்றி அடுக்கிய கல்மதில்கள் குன்றின் உச்சிவரை ஏறிச் செல்கின்றன. மேற்குக் கரையிலுள்ள வைற்ஹேவனிலிருந்து கிழக்குக் கரையிலுள்ள சண்டர்லாந்து வரை, ஏறத்தாழ 140 மைல் நீளமான 'கடலிலிருந்து கடலுக்கு' என்னும் பாதை 1994 இல் திறக்கப்பட்டது. ஏரி நாட்டைக் கடந்து, ஹார்ட்சைட் கணவாயில் 1900 அடிக்கு மேல் ஏறி, பெனைன் மலைத்தொடரைத் தாண்டி அது கிழக்கே இறங்குகிறது. இவற்றைக் கண்டு மகிழாத மனத்தை நாம் போற்றவேண்டியதில்லை. மகிழ்ச்சி குற்றமன்று. ஆனால் மகிழ்ச்சிக்கும் ஒரு வரலாறு உண்டு.

அவ்வரலாற்றை நூலகத்திற் சென்றுதான் படிக்கவேண்டும் என்பதில்லை. வீதியே அதனைச் சொல்லும். காரணமின்றி வளைந்து வளைந்து செல்லும் ஒழுங்கை பெரும்பாலும் பழமையானது. தலைமுறை தலைமுறையாக மனிதரும் மாடுகளும் நடந்து நடந்து ஆனது. திடீரென அவ்வழி நேர்கோடாகி, இருமருங்கும் அகன்ற புற்றரையோடும், அளவெடுத்து நட்டாற்போன்ற முள்வேலியோடும் செல்லுமாயின், அது அநேகமாகச் சட்டத்தினாற் பிறந்த வீதி. 'வேலியடைப்பு' எனப்பட்ட நடவடிக்கையின்போது ஆணையாளர்கள் வரைபடத்தின்மீது அளவுகோல் வைத்துக் கீறிய வீதி அது. அத்தகைய வீதிகளுக்கு நாற்பது அடி அகலம் விடுவது அவர்களது பொதுவழக்கமாயிருந்தது.

வேலியடைப்பு என்பது என்ன? கிராமத்தார் பொதுவில் மாடு மேய்த்தும், விறகு பொறுக்கியும், அறுவடைக்குப்பின் கதிர் பொறுக்கியும் வந்த நிலங்களைப் பிரித்து, வேலியிட்டுத் தனியுடைமையாக்கியமையே அது. 1604 தொடக்கம் 1914 வரை இதற்கெனப் பிரித்தானியப் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டங்கள் 5200 இற்கும் அதிகம். அவற்றாற் பாதிக்கப்பட்ட நிலம் 68 இலட்சம் ஏக்கர். அஃதாவது இங்கிலாந்தின் மொத்தப் பரப்பில் ஐந்திலொரு பங்கிற்குச் சற்று அதிகம். வேலியடைத்தோருக்கும் ஒரு நியாயம் இருந்தது. விளைச்சல் பெருகும், பெருகும் நகரங்களுக்கு உணவு கிடைக்கும் என்றனர். விளைச்சல் பெருகியதை நாம் மறுக்கவில்லை. பெருகியது எவர் களஞ்சியத்தில் என்பதே நமது கேள்வி. ஒரு பசுவை மட்டுமே உடைமையாகக் கொண்டிருந்த குடியானவனுக்கு, மேய்ச்சல் நிலம் போனபின் பசுவும் போயிற்று. பசு போனபின் அவனுக்கு எஞ்சியது கூலி ஒன்றே. நோர்தம்ப்டன்ஷயரின் ஹெல்ப்ஸ்ரன் கிராமத்தில் உழைப்பாளர் குடும்பத்திற் பிறந்த கவிஞர் ஜோன் கிளெயர், தம் ஊருக்கான வேலியடைப்புச் சட்டம் 1809 இல் நிறைவேறியதையும், தாம் சிறுவயதில் அலைந்து திரிந்த வெளிகள் மறிக்கப்பட்டதையும் கண்டு, அத்துயரைத் தம் கவிதைக்குப் பொருளாக்கினார். நொட்டிங்ஹாம்ஷயரிலுள்ள லக்ஸ்ரன் கிராமத்தில் பழைய திறந்தவயல் முறை இன்றும் ஓரளவு நிலைத்திருக்கிறது. அங்கு வண்டியை நிறுத்திப் பார்ப்பவர், வேலியில்லாத வயல் எப்படி இருக்கும் என்பதைத் தம் கண்ணாற் காணலாம். வசந்தத்தில் வெண்பூச் சொரியும் முள்வேலியின் அழகு, இவ்வாறு, ஒரு பறிப்பின் தழும்பும் ஆகும்.

வரலாற்றின் விசித்திரம் இங்கேதான் தொடங்குகிறது. நிலத்தை இழந்தோரின் பேரர்கள் ஆலைகளிலும் சுரங்கங்களிலும் உழைத்துக் கிடந்தபோது, 1885 இல் கொவென்றி நகரில் ஜோன் கெம்ப் ஸ்ரார்லி இன்றைய வடிவிலமைந்த துவிச்சக்கரவண்டியை உருவாக்கினார். 1888 இல் டன்லொப் என்பவர் காற்றடைத்த றப்பர் ரயருக்கு உரிமம் பெற்றார். அதே ஆண்டில் நிறைவேறிய உள்ளூராட்சிச் சட்டம் துவிச்சக்கரவண்டியையும் ஒரு வண்டியென ஏற்று, வீதியில் அதற்குள்ள உரிமையை உறுதிப்படுத்தியது. விலை குறையக் குறையத் தொழிலாளியின் கைக்கும் அது எட்டியது. 1894 இல் பேர்மிங்ஹாமில் ஆறு இளைஞர் கூடி, 'கிளாரியன்' என்னும் சமதர்மப் பத்திரிகையின் பெயரால் ஒரு துவிச்சக்கரவண்டிக் கழகத்தைத் தொடங்கினர். அக்கழகத்தார் விடுமுறை நாட்களிற் கிராமம் கிராமமாகச் சென்றனர், காற்றை உண்டனர், கூடவே பத்திரிகையையும் துண்டுப்பிரசுரங்களையும் பரப்பினர். பாட்டன் துரத்தப்பட்ட நாட்டுப்புறத்துக்குப் பேரன் விருந்தாளியாகத் திரும்பி வந்தான். ஆனால் அவன் கால்வைக்கக் கூடிய இடம் வீதி ஒன்றே. இருபக்கமும் வேலி. பொதுநிலத்தில் எஞ்சியிருந்த பொது, அந்த ஒடுங்கிய வழிதான்.

இவ்விடத்தில் நமது பார்வையைச் சக்கரத்தின் பக்கமும் திருப்புதல் வேண்டும். அந்த இளைஞரின் விடுதலை உருண்டது றப்பரின் மேல். அக்காலத்து றப்பர் காட்டு மரங்களிலும் கொடிகளிலுமிருந்து எடுக்கப்பட்டது. 1885 முதல் 1908 வரை பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்ட்டின் ஆட்சியிலிருந்த கொங்கோவில், விதித்த அளவு றப்பரைக் கொண்டுவராத கிராமங்களிற் பெண்கள் பணயமாகச் சிறைப்பட்டனர், ஆண்கள் சுடப்பட்டனர், கைகள் வெட்டப்பட்டன. 1904 இல் வெளியான றொஜர் கேஸ்மென்றின் அறிக்கை இவற்றை உலகறியச் செய்தது. எந்த ரயரில் எந்தக் காட்டின் பால் இருந்ததென்று எவராலும் கூறமுடியாது. சந்தைக்கு வந்த சரக்கு தன் பிறப்பிடத்தை நெற்றியில் எழுதிக்கொண்டு வருவதில்லை. நமது நாட்டுக்கும் இக்கதையிற் பங்குண்டு. 1876 இற் பிறேசிலிலிருந்து ஹென்றி விக்கம் கொண்டுசென்ற றப்பர் விதைகள் இலண்டனிலுள்ள கியூ தோட்டத்தில் முளைத்தன. அந்நாற்றுக்களை அதே ஆண்டில் இலங்கைக்கு அனுப்பி, கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொடையில் நட்டனர். அதன்பின் களுத்துறை, கேகாலைப் பகுதிகளில் விரிந்த றப்பர்த் தோட்டங்களில் விடியற்காலையில் பால் வெட்டியவர்களுள் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழரும் இருந்தனர். ஆங்கிலத் தொழிலாளி ஞாயிறு தோறும் தேடிச் சென்ற பசுமைக்கும், நமது தொழிலாளி நாள்தோறும் நின்ற பசுமைக்கும் இடையே ஒரு ரயரின் தொடர்பு உண்டு. ஒருவரையொருவர் அவர்கள் அறியார்.

அவ்வாறாயின், அநீதியின் நிழல் விழுந்த இன்பத்தை உதறிவிடுவதுதான் அறமா? சிலர் அப்படிக் கூறுவர். நாம் உடன்படோம். வண்டி மிதிப்பதை ஒருவன் நிறுத்திவிடுவதனால் ஒரு வேலியும் சாயப்போவதில்லை. வெட்டுண்ட கை முளைக்கப்போவதுமில்லை. துறவு துறந்தவனின் மனத்தைத் தூய்மையாக்கலாம். உலகை அது இருந்தபடியே விட்டுவிடும். வேறு சிலர், பழையன கழிந்தன, இன்று அழகு அழகுதான் என்பர். இவர்களோடும் நாம் உடன்படோம். முன் கூறிய கடலிலிருந்து கடலுக்குச் செல்லும் பாதை, கொன்செற் நகரை அடைந்தபின் பழைய புகையிரதப் பாதையொன்றின் மீது செல்கிறது. அந்நகரின் உருக்காலை 1980 இல் மூடப்பட்டபோது மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் வேலையிழந்தனர். இன்று அங்கு வானம் தெளிவு, வழியெங்கும் அமைதி. அந்த அமைதி எதனால் வந்ததென்று அறியாமல் அதனைப் புகழ்பவன், அங்கு வாழ்ந்தவர்களை இரண்டாம் முறையும் அந்நிலத்திலிருந்து அகற்றிவிடுகிறான். முதலில் நிலத்திலிருந்து, பின்னர் நினைவிலிருந்து.

மூன்றாவது வழி ஒன்றுண்டு. இன்பத்தை உரிமைக்கோரிக்கையாக மாற்றுவதே அது. 1932 ஏப்ரில் 24 ஆம் நாள், பென்னி றொத்மன் என்ற இருபது வயதுத் தொழிலாளி மான்செஸ்ரரிலிருந்து ஹேபீல்ட் கிராமத்துக்குத் துவிச்சக்கரவண்டியிற் சென்றார். அங்கு வீதி முடிந்த இடத்தில், ஏறத்தாழ நானூறு பேரோடு கிண்டர் ஸ்கவுட் என்னும் மேட்டுநிலத்தின்மேல் ஏறினார். ஆண்டிற் சில நாட்கள் பிரபுக்கள் பறவை வேட்டையாடுவதற்காக மற்றெல்லா நாட்களிலும் மக்களுக்கு மறிக்கப்பட்டிருந்த நிலம் அது. ஐவர் சிறை சென்றனர். தண்டனை இரண்டு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை. ஆனால் கதை சிறையோடு முடியவில்லை. 1949 இல் தேசியப் பூங்காக்கள் பற்றிய சட்டம் வந்தது. 1951 இல் அந்த மேட்டுநிலத்தை உள்ளடக்கிய பகுதியே நாட்டின் முதலாவது தேசியப் பூங்காவாயிற்று. 2000 ஆம் ஆண்டுச் சட்டம் மலை, மேட்டுநிலம், பொதுநிலம் ஆகியவற்றிற் காலால் நடந்து திரியும் உரிமையை அளித்தது. 2002 இல், நிலவுரிமையாளராயிருந்த டெவன்ஷயர்ப் பிரபுவின் பேரன், தம் பாட்டனார் இழைத்த தவறுக்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அழகை நேசித்தவர்கள் நேசித்ததோடு நின்றிருந்தால் இவற்றுள் ஒன்றும் நிகழ்ந்திராது.

எனினும் பெற்ற உரிமை தானே நிலைத்திருக்கும் என்று நம்புதல் தவறு. 1949 இற் பிரித்தானிய வீதிகளிற் துவிச்சக்கரவண்டிகள் ஓடிய தூரம் ஏறத்தாழ 1470 கோடி மைல். 1973 இல் அது 230 கோடி மைலாகச் சுருங்கியது. இதற்குச் சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. வேலி எதுவும் நடப்படவில்லை. காரின் வேகம் மட்டுமே போதுமானதாயிருந்தது. வளைவுக்கு அப்பால் என்ன வருகிறதென்று தெரியாத ஒடுங்கிய ஒழுங்கையில், தாயொருத்தி தன் பிள்ளையை வண்டியிற் செல்ல விடமாட்டாள். அப்பிள்ளைக்கு வீதியில் உரிமையில்லையென்று எவரும் கூறவில்லை. உரிமை ஏட்டில் இருக்கிறது. அச்சம் வீதியில் இருக்கிறது. வலியவன் பயன்படுத்தும் விதத்தினால் எளியவன் பயன்படுத்த முடியாமற் போகும் பொதுச்சொத்து, பெயரளவிலேயே பொதுச்சொத்து. முதல் வேலியடைப்பு நிலத்தைப் பறித்தது. இரண்டாவது, எஞ்சியிருந்த வழியையும் பறிக்கப் பார்க்கிறது.

ஆகவே, அழகு யாருக்குச் சொந்தம் என்ற வினாவுக்கு நாம் கூறும் விடை இது: அதனைக் காண்பதற்கு மிகக் குறைந்த வசதியுடையவர் எவரோ, அவர் அஞ்சாமல் அதனை அடையும்வரை அது இன்னும் பொதுவாகவில்லை. பிறர் இழப்பிற் பிறந்த அழகை அனுபவிப்போர் அந்த இழப்பை அறிந்துகொள்ளக் கடமைப்பட்டவர். அறிந்தோர், தாம் நுழைந்த வழியைப் பின்வருவோருக்கும் திறந்து வைக்கக் கடமைப்பட்டவர். வெண்பூ வேலியை ரசிப்போம். அதன் வயதையும் கேட்போம். அதற்கு அப்பால் யார் வாழ்ந்தார்கள் என்றும் கேட்போம். அந்தக் கேள்வி அழகைக் குறைத்துவிடாது, அதனை மனிதருக்குரியதாக்கும்.