தாங்கலில் வந்து ஒதுங்கிய பிள்ளைத்தாய்ச்சி

அய்யா துணை



திருஏடு வாசிப்பில் திருக்கல்யாண நாளுக்குத் திரளுகிற கூட்டம் மற்ற நாளுக்குத் திரள்வதில்லை. நல்ல உடை உடுத்தி, வெற்றிலை பாக்கு, பழம், தேங்காய் என்று சுருள் எடுத்து வந்து, நாராயணர் கன்னியர் எழுவரை மணமுடித்த ஏட்டைக் காது குளிரக் கேட்டு, இனிமம் வாங்கிப் போகிறார்கள். நல்ல காரியம். ஆனால் அந்தக் கல்யாணத்துக்குக் காரணமான ஏடு வெகு முன்னாலேயே வாசிக்கப்பட்டுவிடும். அன்றைக்குப் பந்தலில் பாதி இடம் காலியாய்க் கிடக்கும்.

அந்த ஏடு என்ன சொல்கிறது? கன்னியர் எழுவர் அயோத அமிர்த வனத்துக்கு நீர் எடுக்க வருகிறார்கள். கற்பின் வல்லமையால் கங்கை நீரைக் கையாலே திரட்டி எடுக்கிற பெண்கள். குளிர் தாங்காமல் தீயின் பக்கம் ஒதுங்குகிறார்கள். தீயாய் நின்றவர் மாயோன். எழுவரும் பிள்ளை பெறுகிறார்கள். அதன் பிறகு நீர் கையில் திரளவில்லை. வந்த இடத்துக்குத் திரும்பிப் போக முகமில்லை. பெற்ற பிள்ளைகளை வனத்தில் விட்டுவிட்டுத் தவத்துக்குப் போகிறார்கள். அந்த ஏழு பிள்ளைகளையும் நாராயணர் எடுத்து, பத்திரகாளியிடம் வளர்க்கக் கொடுக்கிறார். அவர்கள்தாம் சான்றோர்.

சான்றோர் வழி வந்தவர்கள் என்று மேடையில் மார்தட்டிப் பேசுகிறவர்கள் பலர் உண்டு. அந்தச் சான்றோரைப் பெற்ற தாய்மார், தாலியும் இல்லாமல், துணையும் இல்லாமல், ஒதுங்க ஒரு கூரையும் இல்லாமல் காட்டிலே பெற்றவர்கள் என்பதை எடுத்துச் சொல்கிறவர் சிலரே. விட்டுப் போன அந்தத் தாய்மாரை நாராயணர் தள்ளிவிடவில்லை. வைகுண்ட அவதாரத்தில் தேடி எடுத்து மணமுடித்தார். பந்தலில் சுருள் வைக்கிற கை இதையும் நினைத்துக்கொண்டு வைக்க வேண்டும்.

இனி ஒரு நடந்த காரியம். தென்பகுதியில் ஒரு நிழல் தாங்கல். ஊர்ப் பெயர் வேண்டாம், அந்தப் பெண்ணின் பொருட்டு.

ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. மாலைப் பணிவிடை முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு மழை பிடித்துக்கொண்டது. விளக்கில் எண்ணெய் பார்க்க வந்த பணிவிடைக்காரப் பெரியவர், முன் திண்ணையில் ஒரு பெண் சுவரோடு சாய்ந்து இருப்பதைக் கண்டார். இருபத்திரண்டு வயது இருக்கலாம். ஒரு பிளாஸ்டிக் பை. வயிறு ஏழு மாதம் என்று பார்த்தாலே தெரிந்தது. வேறு ஜில்லாவிலிருந்து அண்டி ஆபீஸ் வேலைக்கு வந்தவள். கூட இருந்தவன் ஊருக்குப் போய்விட்டு வருவதாகச் சொல்லிப் போனவன் வரவில்லை. மூன்று மாத வாடகை நின்றதும் வீட்டுக்காரர் சாமானை வெளியே வைத்துவிட்டார். தாய் வீட்டுக்குப் போன் போட்டாள், எடுக்கவில்லை. பெரியவர் இதையெல்லாம் அன்று கேட்கவில்லை. மத்தியானத் தர்மத்தில் மீந்திருந்த சோற்றையும் குழம்பையும் சூடாக்கிக் கொடுத்தார். அவள் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். பெரியவர் பாத்திரம் கழுவுகிற ஆச்சியை வீட்டிலிருந்து கூப்பிட்டு வந்து, அந்த ராத்திரி துணைக்குப் படுக்கச் சொன்னார்.

மறுநாள் குழு கூடியது. யார், எந்த ஊர், எந்தச் சாதி, பிள்ளைக்குத் தகப்பன் யார், போலீசில் சொல்ல வேண்டாமா, தாங்கல் வளாகத்தில் வலி கண்டுவிட்டால் தீட்டாகிவிடாதா, நாளைக்கு இதைப்போல் நாலு பேர் வந்தால் என்ன செய்வது என்று கேள்விகள் வந்தன. ஒருவர், “தாங்கல் என்ன சத்திரமா?” என்றும் கேட்டார். இந்தக் கேள்விகள் எல்லாமே கெட்ட கேள்விகள் அல்ல. ஆனால் கேட்டவர் அத்தனை பேரும் ஆண்கள். அவளோ பத்தடி தூரத்தில் திண்ணையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அடுக்களைப் பக்கம் நின்ற ஆச்சிதான் பேசினாள். “காட்டுல குளிருக்கு ஒதுங்குனவளுவகிட்ட ஊரும் பேரும் கேட்டுக்கிட்டா நாராயணரு தீய மூட்டுனாரு?” என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. குழுவில் கொஞ்ச நேரம் யாரும் வாய் திறக்கவில்லை.

சத்திரமா என்று கேட்டவருக்கும் பதில் உண்டு. நிழல் தாங்கல் என்ற பெயரிலேயே அது இருக்கிறது. நிழலும் வேண்டும், தாங்கவும் வேண்டும். அய்யா காலத்தில் அகஸ்தீஸ்வரம், பாலூர், சுண்டவிளை, வடலிவிளை என்று தாங்கல்கள் எழுந்தபோது அவை கும்பிடுவதற்கு மட்டும் எழவில்லை. தெருவில் நடக்கவும் கோயிலை அணுகவும் விடப்படாத சனங்கள் கூடியிருந்து சாப்பிடவும் படிக்கவும் அங்கேதான் இடம் கிடைத்தது. இந்தச் சீமையில் சாணாரப் பெண்கள் மாரை மறைத்துச் சட்டை போடலாம் என்று திருவிதாங்கூர் அரசு சொன்னதே 1859-ல்தான். அதற்கு எட்டு வருஷம் முன்பே அய்யா வைகுண்டம் சேர்ந்துவிட்டார். துவையல் தவசுக்கு வாகைப்பதிக் கடற்கரையில் போய் இருந்தவர்கள் 700 குடும்பத்தார். குடும்பம் குடும்பமாய்ப் போன இடத்தில் பிள்ளைத்தாய்ச்சிகளும் கைக்குழந்தைக்காரிகளும் இல்லாமலா இருந்திருப்பார்கள்? அவர்களுக்கு அன்று ஒரு மறைப்பு கட்டிக் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள்தாம் இன்று குழுவில் இருக்கிறார்கள்.

தீட்டுக்குப் பெரியவர் ஒரு வழி சொன்னார். பள்ளியறை இருப்பது முன்னால். அடுக்களைக்குப் பின்னால், வார்ப்பும் அண்டாவும் போட்டு வைக்கிற சாய்ப்பு தனியாக இருக்கிறது. அதை ஒழித்துக் கொடுக்கலாம். நாலு வார்ப்பும் தாழ்வாரத்துக்குப் போயின. கட்டில் ஒன்று வந்தது. கதவு இருந்தது, தாழ்ப்பாள் இல்லை. அன்று சாயங்காலமே ஆசாரியை அழைத்து உள்பக்கம் தாழ்ப்பாள் வைத்தார்கள். இதைச் சின்ன விஷயமாக யாரும் நினைக்க வேண்டாம். வீடு இல்லாத பெண்ணுக்கு முதலில் போன தூக்கம் அந்தத் தாழ்ப்பாளில்தான் திரும்பி வந்தது. விளக்கு வைத்த பிறகு ஆண்கள் யாரும் பின்பக்கம் போவதில்லை என்றும், பெண்கள் இரண்டு பேர் முறை வைத்துத் துணைக்குப் படுப்பது என்றும் ஏற்பாடானது.

ஒரு தவறும் நடந்தது. அதையும் சொல்ல வேண்டும். அடுத்த ஞாயிறு உச்சிப்படிப்பு முடிந்ததும், செலவுக்குப் பணம் சேரட்டும் என்று ஒரு நிர்வாகி மைக்கைப் பிடித்து அவள் கதையைக் கூட்டத்தில் சொன்னார். அவளை எழுந்து நிற்கவும் சொன்னார். அவள் நின்றாள், முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு. பணம் சேர்ந்தது. அன்று ராத்திரியும் மறுநாள் காலையும் அவள் சாப்பிடவில்லை. பெரியவர் அந்த நிர்வாகியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அவரும் நல்ல மனுஷர்தான், அவளிடம் போய், “தெரியாம செஞ்சிட்டேன் மக்கா” என்றார். இடது கை அறியாமல் கொடுத்தாலும் வாங்குகிறவளை ஊர் அறிய நிறுத்தினால் அங்கே தர்மம் பாதி வழியிலேயே செத்துப்போகிறது.

கிராம சுகாதார நர்ஸ் வந்து பார்த்தார். ரத்தத்தில் ஹீமோகுளோபின் 8. கர்ப்பிணிக்கு 11 இருக்க வேண்டும், 7-க்குக் கீழே போனால் ஆபத்து. பேறுகாலத்தில் தாய் சாவதற்கு ரத்தப்போக்கு பெரிய காரணம், ரத்தம் குறைந்தவள் அதைத் தாங்கமாட்டாள் என்று நர்ஸ் ஒளிக்காமல் சொன்னார். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, பதிவு எண்ணும் போட்டுக் கொடுத்தார். அங்கன்வாடியில் சத்துமாவு கிடைத்தது. முட்டை கொடுக்கச் சொன்னார் நர்ஸ். தாங்கலில் முட்டை ஏறாது. ஆச்சி தன் வீட்டில் அவித்து, அவளை அங்கே அழைத்துக் கொடுத்தாள். குழுவில் எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் விசாரிக்கவில்லை. சிலதை விசாரிக்காமல் இருப்பதும் பணிவிடையில் சேரும்.

நர்ஸ் சொல்லி 181-க்குப் போன் செய்தார்கள். பெண்களுக்கான அரசு உதவி எண் அது. ஒருங்கிணைந்த சேவை மையத்திலிருந்து ஒரு அம்மா வந்து, அவளிடம் தனியாகப் பேசி, எழுதிக்கொண்டு போனார். அரசு உதவி பெறுகிற இல்லத்துக்குப் போகலாம், இங்கேயே இருப்பதானாலும் இருக்கலாம், வயது வந்தவள், முடிவு அவளுடையது என்று குழுவுக்கும் சொன்னார். பேறு முடியும்வரை இங்கேயே இருப்பதாக அவள் சொன்னாள். வருகிறவள் பதினெட்டு வயது ஆகாத பிள்ளை என்றால் கதை வேறு. அப்போது 1098-க்கு உடனே சொல்ல வேண்டும், மறைத்தால் தாங்கலும் குற்றத்துக்கு ஆளாகும். இரக்கம் என்று சொல்லி வீட்டுக்குள் ஒளித்து வைக்கக்கூடாது.

ஒன்பதாம் மாதத்தில் பெரிய சோதனை வந்தது. அடுத்த ஊரில் வசதியான வீடு, பதினாலு வருஷமாகப் பிள்ளை இல்லை. கணவனும் மனைவியுமாக வந்து குழுவிடம் பேசினார்கள். ஆஸ்பத்திரியில் தங்கள் பெயரைச் சொல்லி அவளைச் சேர்த்துவிடலாம், பிறப்புச் சான்றிதழ் தங்கள் பெயரிலேயே வந்துவிடும், அவளுக்கு ஊர் போய்ச் சேரப் பணம், தாங்கலுக்கு முன்பக்க மதில். குழுவில் பாதிப் பேருக்கு இது சரியென்றே பட்டது. பிள்ளை இல்லாதவர்களுக்குப் பிள்ளை, வழியில்லாதவளுக்கு வழி, தாங்கலுக்கு மதில். யாருக்கு நஷ்டம் என்று கேட்டார்கள்.

அவளிடம் கேட்டது ஆச்சிதான். “பெத்தபொறவு முகத்தப் பாத்துட்டுச் சொல்லுதேன் ஆச்சி” என்றாள்.

நர்ஸ் காதுக்கு இது போனதும் அவர் நேரே குழுவுக்கு வந்தார். பொய்ப் பெயரில் பேறு பார்ப்பது குற்றம், பிள்ளைக்காகப் பணம் கைமாறுவது அதைவிடப் பெரிய குற்றம் என்றார். தாய்க்கு வளர்க்க முடியாது என்றால் குழந்தைகள் நலக் குழுவின் முன்னால் எழுதிக் கொடுக்க வேண்டும். அதன் பிறகும் மனம் மாறினால் பிள்ளையைத் திரும்பக் கேட்க அவளுக்கு இரண்டு மாதம் தவணை உண்டு. பிள்ளை வேண்டுகிறவர்கள் காரா அமைப்பில் பதிவு செய்து காத்திருக்க வேண்டும். பெரியவர், “மதில் இல்லாம இத்தன வருஷம் அய்யா இருந்தாரு, இனியும் இருப்பாரு” என்று சொல்லிப் பேச்சை முடித்தார். அந்த வீட்டார் மாதாமாதம் விளக்குக்குக் கொடுத்துவந்த எண்ணெய் அதோடு நின்றது. அவர்களையும் குறை சொல்வதற்கில்லை. பதினாலு வருஷம் என்பது சின்னக் காலம் அல்ல.

ஐப்பசியில் ஒரு நடுராத்திரி வலி கண்டது. 108 வந்தது. ஆச்சி துணைக்கு ஏறினாள். அரசு ஆஸ்பத்திரியில் பேறுக்கும், அறுத்து எடுக்க நேர்ந்தாலும், மருந்துக்கும், அங்கே இருக்கிற நாள் சாப்பாட்டுக்கும் காசு கிடையாது. காசில்லையே என்று பயந்து வீட்டிலோ சாய்ப்பிலோ வைத்துப் பார்க்கத் துணிகிறவர்கள் இதை அறிந்துகொள்ள வேண்டும். விடியும் முன்னே பெண் பிள்ளை பிறந்தது. தகப்பன் பெயர் என்ன என்று எழுதுகிறவர் இரண்டு தடவை கேட்டார். இல்லை என்று ஆச்சி இரண்டு தடவையும் சொன்னாள். மணமாகாத தாயைத் தகப்பன் பெயர் சொல்லும்படி கட்டாயப்படுத்தாமல், அவள் கொடுக்கிற உறுதிமொழிப் பத்திரத்தை வைத்துப் பிறப்புச் சான்றிதழ் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2015-ல் சொல்லியிருக்கிறது. ஆச்சிக்கு அது தெரியாது. இல்லாததை இல்லை என்று சொன்னாள், அவ்வளவுதான்.

அவள் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். கொடுக்கவில்லை.

நாற்பது நாளும் ஆச்சி வீட்டில் இருந்தாள். காயம் இடித்துக் கொடுத்ததும், பிள்ளைக்கு வெந்நீர் ஊற்றியதும் ஆச்சிதான். அதன் பிறகு சேவை மையத்து அம்மா ஏற்பாட்டில், பிள்ளையோடு தங்கித் தையல் படிக்கிற ஓர் இல்லத்துக்குப் போனாள். சில ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறித் தாங்கலுக்கு வருகிறாள். திருநாமம் இட்டுக்கொண்டு, பந்தியில் பெண்களோடு இருந்து சாப்பிடுகிறாள். பிள்ளையை வாங்கிக் கொஞ்சுகிறவர்களும் உண்டு, நகர்ந்து இருக்கிறவர்களும் இன்னும் உண்டு. ஆச்சி நகர்ந்தவர்கள் பக்கமாகவே பிள்ளையைக் கொண்டுபோய் உட்காருகிறாள்.

சாய்ப்பு இப்போது காலியாக இருக்கிறது. வார்ப்புகள் நாலும் தாழ்வாரத்திலேயே கிடக்கின்றன. மழைச் சாரலில் களிம்பு ஏறுகிறது, திரும்ப உள்ளே எடுத்துப் போட வேண்டும் என்று பொருளாளர் இரண்டு கூட்டத்தில் சொல்லிவிட்டார். சாவி ஆச்சியின் முந்தானையில் இருக்கிறது. கட்டிலை வெயிலில் போட்டு எடுக்க மட்டும் திறக்கிறாள்.

அய்யா உண்டு