நினைவும் அறிவும் ஓரிடமா?

நினைவு வெறும் கிடங்கா, அதற்குள்ளேயே அறிவின் வேலையும் நடக்கிறதா? பிளேட்டோவின் 'தியேட்டிட்டஸ்' உரையாடலில் சாக்ரட்டீஸ் நினைவை முதலில் மெழுகுப் பலகையாகவும் பிறகு பறவைக் கூண்டாகவும் உருவகிக்கிறார். கூண்டில் பறவை இருப்பது வேறு, அதைக் கையில் பிடிப்பது வேறு.

கணினி இந்தப் பிரிவின் மேல்தான் எழுந்தது. 1945இல் ஜான் வான் நியூமன் எட்வாக் என்ற கணினிக்காக எழுதிய அறிக்கை நினைவகத்தையும் கணக்கிடும் உறுப்பையும் தனித்தனியே வைத்தது. இரண்டுக்கும் இடையிலான ஒடுங்கிய பாதையைத்தான் 1977 டூரிங் விருதுரையில் கணினி அறிஞர் ஜான் பேக்கஸ் கடுமையாகச் சாடினார், நியாயமான சாடல். பல கோடி பதிவுகளில் பத்து மட்டும் வேண்டுமென்றாலும் அத்தனையும் செயலிவரை பயணிக்க நேரலாம். இன்று சில எஸ்எஸ்டி சேமிப்பகங்களில் உள்ளேயே இருக்கும் செயலி தேடி, வடிகட்டி, விடையை மட்டும் அனுப்புகிறது. அவற்றிலுள்ள பல ஃபிளாஷ் சில்லுகள் ஒரே நேரத்தில் படிக்கப்படுவதால் உள்வேகம் வெளியிணைப்பின் வேகத்தை மிஞ்சவும் கூடும்.

அப்படியானால் கிடங்கு அறிகிறதா? சைவ சித்தாந்தம் மனம், புத்தி, அகங்காரம், சித்தம் ஆகிய நான்கு அந்தக்கரணங்களையும், அதாவது அகக் கருவிகளையும், தாமாக அறியாத சடம் என்றே கொள்கிறது. அவற்றைக் கருவியாகக் கொண்டு அறிவது உயிர். அந்தக் கணக்கில் வடிகட்டும் சேமிப்பகமும் கருவியே. எதைத் தேடுவது என்ற வினா அதற்கு வெளியிலிருந்துதான் வருகிறது.